பூட்டும் திறவுகோலும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தென்காசியை அடுத்துள்ள சிற்றூர் மத்தளம்பாறை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோ மென்பொருள் நிறுவனம் 2011ஆம் ஆண்டு இங்கு அலுவலகம் தொடங்கியது. உலக நாடுகள் பயன்படுத்தும் மென்பொருளைச் சிற்றூரிலிருந்தும் உருவாக்கலாம் என்பதை அது மெய்ப்பித்தது. ஊரின் தொலைவு இணையத்திற்குத் தடையன்று. இணையத்தின் இடர்களுக்கும் அது தடையன்று. எனவே, தகவலைக் காக்கும் அறிவு எல்லா ஊர்களுக்கும் தேவையாகிறது.

சாரல் காலத்தில் குற்றாலத்தில் தங்க விரும்பும் ஒருவர், விடுதி ஒன்றின் இணையதளத்தில் தம் தொலைபேசி எண்ணையும் அடையாள அட்டை விவரங்களையும் பதிவு செய்வதாகக் கொள்வோம். அவை பல கருவிகளைக் கடந்தே சர்வர் எனப்படும் சேவையகத்தை அடைகின்றன. மறையாக்கம் இல்லையெனில் அவை அஞ்சலட்டையில் எழுதிய செய்தி போன்றவை. இடைவழியில் பிறர் படித்துவிடலாம். இதனைத் தடுக்கவே சேவையகத்தில் மறையாக்க மென்பொருள் நிறுவப்படுகிறது.

நிறுவிய பின் செய்ய வேண்டியவை

மென்பொருளை நிறுவுவது பூட்டை வாங்கி வருவதை ஒத்தது. அதைக் கதவில் பொருத்தும் பணி பின்னரே தொடங்குகிறது.

முதலில், சேவையகத்திற்கென இணையான இரு திறவுகோல்கள் உருவாக்கப்படுகின்றன. பொதுத் திறவுகோலை எவரும் அறியலாம். தனித் திறவுகோலை மறைவாகக் காத்தல் வேண்டும். அக்கோப்பைப் படிக்கும் உரிமை நிருவாகியைத் தவிர வேறு பயனர்களுக்கு இருத்தல் கூடாது.

அடுத்து, அப்பொதுத் திறவுகோல் குறிப்பிட்ட இணையதளத்திற்கே உரியது என்பதற்குச் சான்றளிக்கும் அமைப்பிடமிருந்து சான்றிதழ் பெறப்படுகிறது. பயனரின் உலாவி அதனைச் சரிபார்க்கிறது. பின்னர், அந்த ஒரு தொடர்புக்கு மட்டும் உரிய புதிய இரகசியத் திறவுகோல் உருவாகிறது. பரிமாறப்படும் செய்திகளை அதுவே மறைக்கிறது.

மூன்றாவதாக, பழைய வழிகளை அடைத்தல் வேண்டும். டிஎல்எஸ் நெறிமுறையின் 1.0, 1.1 ஆகிய பதிப்புகள் 2021இல் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டன. அவற்றை முடக்கி, 1.2, 1.3 ஆகியவற்றை மட்டுமே அனுமதித்தல் நன்று. மறையாக்கமற்ற முகவரிக்கு வருவோரையும் பாதுகாப்பான முகவரிக்குத் திருப்பிவிட வேண்டும். தலைவாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்து வைப்பதால் பயனில்லை.

2014 கற்பித்த பாடம்

உலகெங்கும் பயன்படும் ஓப்பன் எஸ்எஸ்எல் என்னும் மறையாக்க மென்பொருளில், ‘ஹார்ட்பிளீட்’ எனப் பெயரிடப்பட்ட பிழை 2014 ஏப்ரலில் வெளிப்பட்டது. அப்பிழையின் வழியே சேவையகத்தின் நினைவகத்திலிருந்து தனித் திறவுகோலும் கசியக்கூடும். திருத்திய மென்பொருள் உடனே வெளியிடப்பட்டது. ஆயினும், அதனை நிறுவியது மட்டும் போதவில்லை. முன்பே திறவுகோலைக் களவாடியவரிடம் அது இருக்குமன்றோ? ஆகவே, புதிய திறவுகோல்களை உருவாக்கிப் பழைய சான்றிதழ்களை விலக்க வேண்டியதாயிற்று.

தொடரும் காவல்

சான்றிதழுக்கும் காலவரையறை உண்டு. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015இல் இலவசமாக வழங்கத் தொடங்கிய சான்றிதழ்கள் 90 நாள்களே செல்லுபடியாயின. ஆதலால், தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே செய்து, அது இயங்குகிறதா எனச் சோதித்தல் வேண்டும்.

பிறர் விவரங்களைப் பெறுவோர் தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என, இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 வலியுறுத்துகிறது. பெருநிறுவனத்தை நம்பி விவரம் தருபவரும் சிறு விடுதியை நம்பித் தருபவரும் எதிர்பார்ப்பது ஒரே பாதுகாப்பைத்தான். அந்த நம்பிக்கையைக் காப்பது, மென்பொருளை நிறுவியவர் நாள்தோறும் ஆற்ற வேண்டிய கடமையாகும்.