பிரித்துக் கட்டிய இன்ஜின்... முதலில் ஆயில், அப்புறம்தான் சாவி!

ஜூன் மாதம் நெருங்கினால் மதுரை மாவட்ட விவசாயிகளின் கண் வைகை அணையின் நீர்மட்டத்தின் மேல்தான் இருக்கும். பெரியாறு பிரதானக் கால்வாயில் பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள இருபோகப் பாசனப் பரப்பு மட்டும் 45,041 ஏக்கர். அணையில் போதிய இருப்பு இருந்தால், முதல் போகத்துக்கு ஜூன் தொடக்கத்திலேயே தண்ணீர் திறக்கப்படும். கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் நாற்றங்கால், தொழி உழவு என்று வேலை வரிசைகட்டி நிற்கும். அதனால், அதற்கு முந்தைய கோடை மாதங்களில்தான் புகை தள்ளும் டிராக்டர்களும், ஆயில் குடிக்கும் சரக்கு வண்டிகளும் பட்டறைக்குப் போகின்றன.

லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிது. கிராங்க் ஷாஃப்ட் கிரைண்டிங் முடிந்து, ஹெட் வேலையும் பார்த்து, இன்ஜின் பளபளவென்று வந்து உட்காரும். அடகு வைத்த நகையோ, கூட்டுறவுச் சங்கக் கடனோ அதற்குள் போயிருக்கும். அந்தச் செலவெல்லாம் நிலைக்குமா, வீணாகுமா என்பதைப் பெரும்பாலும் முதல் ஒரு நிமிடம்தான் முடிவு செய்கிறது. ஆயில் ஊற்றியதும் சாவியைத் திருப்பிவிடுகிற அவசரம், புதிய பேரிங்கை வண்டி வயலுக்குப் போவதற்கு முன்பே தேய்த்துவிடும்.

ஆயில் ஊற்றியாச்சே, இன்னும் என்ன?

சம்ப்பில் ஆயில் இருப்பது அணையில் தண்ணீர் இருப்பது போல. வயலுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. சம்ப்பிலிருந்து ஆயில் பம்ப் உறிஞ்ச வேண்டும். ஃபில்டர் நிரம்ப வேண்டும். பிளாக்கின் நடுவே ஓடும் பிரதானத் துளைக்கு வர வேண்டும். அங்கிருந்து கிளைத் துளைகள் வழியாக மெயின் பேரிங், கான்ராடு பேரிங், கேம் ஷாஃப்ட் என்று பிரிந்து, கடைசியாக மேலே ராக்கர் ஆர்முக்கு ஏற வேண்டும். இன்ஜினின் கடைமடை அந்த ராக்கர்தான்.

ஓடிப் பழகிய இன்ஜினில் இந்தத் துளைகளிலும் பம்ப்பிலும் பழைய ஆயில் கொஞ்சமாவது தங்கியிருக்கும். பிரித்துக் கழுவிக் கட்டிய இன்ஜினில் எல்லாமே காலி. பம்ப்பே காய்ந்து கிடக்கும். காய்ந்த பம்ப் ஆயிலை இழுக்காது. ஃபுட் வால்வு கசிந்த மோட்டாரில், தண்ணீர் ஊற்றி நிரப்பாமல் சுவிட்சைப் போட்டால் என்ன ஆகும்? மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. ஆயில் பம்ப்பின் கதையும் அதுதான். பற்களுக்கிடையே ஆயில் இருந்தால்தான் காற்று புகாமல் அடைபட்டு உறிஞ்சும்.

இன்ஜின் நிமிடத்துக்கு 1,000 சுற்று என்ற மெதுவான வேகத்தில் ஓடினாலும், ஆயில் வர 15 விநாடி தாமதித்தால் கிராங்க் ஷாஃப்ட் 250 தடவை சுற்றிவிடும். பேரிங்குக்கும் கிராங்குக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்தான். அந்த இடைவெளியில் ஆயில் இல்லாவிட்டால் உலோகத்தோடு உலோகம் உரசும். பேரிங்கின் மேலுள்ள மென்மையான உலோகப் பூச்சு வழித்துக்கொண்டு போகும். முற்றினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். பிறகு மறுபடியும் கிராங்க் கிரைண்டிங், மறுபடியும் பேரிங்.

லண்டனில் தெறித்த மரக்கட்டை

ஆயில் எப்படிச் சுமையைத் தாங்குகிறது என்பது 140 ஆண்டுகளுக்கு முன்புதான் தெளிவானது. இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர், ரயில் பேரிங்குகளுக்காகச் சோதனை நடத்தி 1883-ல் அறிக்கை வெளியிட்டார். பேரிங்கின் மேல் பக்கத்தில் ஆயில் விடுவதற்காக ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியாக ஆயில் வெளியே பொங்கியது. மரக்கட்டையால் அடைத்தார்; அதையும் தள்ளிக்கொண்டு வந்தது. அளவுமானியைப் பொருத்தியபோது சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டுக்கும் மேல் அழுத்தம் காட்டியது. சுழலும் அச்சு, தானே ஆயிலை இடுக்குக்குள் இழுத்து, அதன் மேல் மிதக்கிறது என்பது புரிந்தது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886-ல் இதற்குக் கணக்கு வகுத்துக் கொடுத்தார்.

தொழி அடித்த வயலில் பரம்பு ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. சேற்றில் தண்ணீர் இருந்தால் பலகை வழுக்கிக்கொண்டு போகும். தண்ணீர் இல்லாத மேட்டில் பிடித்து இழுக்கும். ஆயில் பம்ப்பின் வேலை, அந்தத் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது.

கட்டும்போதே செய்ய வேண்டியவை

* போர், கிரைண்டிங் வேலை முடிந்த பிளாக்கிலும் கிராங்கிலும் உள்ள ஆயில் துளைகளை டீசல் விட்டு, பிரஷ் செலுத்திக் கழுவி, காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். உள்ளே தங்கும் இரும்புத் துகள், முதல் ஆயிலோடு நேராகப் பேரிங்குக்குத்தான் போகும்.
* பேரிங், கிராங்க், கேம் ஷாஃப்ட், டேப்பெட், லைனர் என எல்லாவற்றிலும் புது ஆயிலைத் தாராளமாகத் தடவிக் கட்ட வேண்டும்.
* பேரிங்கின் ஆயில் துளையும் பிளாக்கின் துளையும் நேருக்கு நேர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கேஸ்கட்டைத் திருப்பிப் போட்டால் ஆயில் வழி அடைபட்டுவிடும்.
* ஆயில் பம்ப்பை மாட்டுவதற்கு முன், உள்ளே புது ஆயில் ஊற்றிக் கையால் சுற்றி நிரப்ப வேண்டும். சில மெக்கானிக்குகள் பற்களுக்கிடையே வாசலின் வைப்பார்கள்; சூடானதும் அது ஆயிலில் கரைந்துவிடும். கிரீஸ் வைக்கக் கூடாது. அது எளிதில் கரையாமல் துளையை அடைக்கும்.
* நிமிர்ந்த நிலையில் மாட்டும் ஃபில்டர் என்றால், அதில் ஆயில் நிரப்பியே மாட்டலாம்.

சாவிக்கு முன்... அழுத்தம் ஏற்றும் முறை

இதில் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, வெளியிலிருந்து ஆயிலைச் செலுத்துவது. ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் ஹோஸ் பொருத்தி, அழுத்தத் தொட்டியிலிருந்து ஆயிலை ஏற்றுவார்கள். இதற்குக் கைத்தெளிப்பானைக்கூடச் சிலர் மாற்றியமைத்துப் பயன்படுத்துகிறார்கள். அது புத்தம் புதியதாக இருக்க வேண்டும். மருந்து அடித்த தெளிப்பானை இன்ஜின் பக்கமே கொண்டுவரக் கூடாது. ஆயில் ஏறும்போது, கிராங்கைக் கையால் மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். ராக்கர் மூடியைத் திறந்து வைத்தால், கடைமடைக்கு ஆயில் வருவதைக் கண்ணால் பார்க்கலாம்.

இரண்டாவது, ஸ்டார்ட் ஆகவிடாமல் ஸ்டார்ட்டரால் சுற்றுவது. டீசல் டிராக்டரில் ஸ்டாப் நாபை இழுத்துப் பிடித்துக்கொண்டால் இன்ஜினுக்கு டீசல் போகாது. இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டுச் சுற்றினால், கம்ப்ரஷன் இல்லாததால் பேரிங்குக்குச் சுமையும் குறையும். 10 முதல் 15 விநாடி சுற்றி, ஓரிரு நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் கருகும். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். மீட்டர் முள் எழும்பும்வரை பொறுமையாகச் செய்ய வேண்டும்.

பெட்ரோல் கார் என்றால், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸையும் எடுத்து, தீப்பொறி வராமல் இணைப்பைத் துண்டித்துவிட்டுச் சுற்ற வேண்டும். டர்போ உள்ள வண்டியில், டர்போவின் ஆயில் வழியிலும் தனியாக ஆயில் விட வேண்டும். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்கும் புதிய டீசல் வண்டிகளுக்கு அந்தந்தக் கம்பெனியின் சர்வீஸ் கையேட்டு முறையே சரி.

பல தடவை சுற்றியும் முள் எழவில்லையா? வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்று நினைக்கவே கூடாது. முதலில் வேறொரு மீட்டரைப் போட்டுப் பாருங்கள். மீட்டர் சரியென்றால், பம்ப் காய்ந்திருக்கலாம்; உறிஞ்சு குழாயின் இணைப்பில் காற்று இழுக்கலாம்; அழுத்த வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம்; ஆயில் துளையை அடைக்கும் பிளக் ஒன்றைப் போட மறந்திருக்கலாம். சம்ப்பை இறக்கிப் பார்ப்பது அரை நாள் வேலை. இன்ஜின் பிடித்தால் அந்தப் போகமே போய்விடும்.

ஸ்டார்ட் செய்த பிறகு

அழுத்தம் வந்ததும் ஆயில் அளவைச் சரிபார்த்து, டீசல் லைனில் ஏர் எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யலாம். ஆக்சிலேட்டரை முறுக்கக் கூடாது. 10 விநாடிக்குள் அழுத்தம் காட்டாவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். சூடேறும்வரை ஆயில், தண்ணீர்க் கசிவைப் பாருங்கள். நிறுத்திய பிறகு மறுபடியும் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும்.

முதல் நாளே சேற்று உழவு வேண்டாம். அதற்காக நிறுத்தி வைத்தே வெறுமனே ஓடவிடுவதும் தவறு; ரிங் சரியாகப் படியாது. லேசான வேலை, கூட்டிக் குறைத்த வேகம் என்று பழக்க வேண்டும். பெரும்பாலான டிராக்டர்களுக்கு, முதல் 50 மணி நேரத்தில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுவது நல்லது.

டிராக்டர் பட்டறையில் இருக்கும் நாளில் உழவு நின்றுவிடுமே என்றுதான் பலரும் மெக்கானிக்கை அவசரப்படுத்துகிறார்கள். வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகைத் திட்டத்தில் டிராக்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். அந்த வாடகை, இரண்டாம் முறை இன்ஜின் பிரிக்கும் செலவைவிடக் குறைவுதான்.

அடிக்கடி எழும் கேள்விகள்

ஆயில் விளக்கு அணைந்துவிட்டால் போதுமா?

போதாது. மிகக் குறைந்த அழுத்தத்திலேயே அந்த விளக்கு அணைந்துவிடும். புதிதாகக் கட்டிய இன்ஜினுக்கு நேரடி மீட்டர் பொருத்தி, கையேட்டில் சொன்ன அளவு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

வண்டியை இழுத்து ஸ்டார்ட் செய்யலாமா?

கூடாது. ஆயில் ஏறாத இன்ஜின் சுமையோடு சுற்றும். நிறுத்தவும் நேரம் இருக்காது.

கிணற்றடி டீசல் இன்ஜினுக்கும் இது பொருந்துமா?

ஆயில் பம்ப் உள்ள இன்ஜினுக்குப் பொருந்தும். டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிவிட்டு, டீசலை அடைத்து, ஹேண்டிலால் சுற்றினாலே ஆயில் ஏறும். சில சிறிய இன்ஜின்களில் பம்ப் கிடையாது. ஆயிலை வாரியிறைத்தே ஓடும். அவற்றில் கட்டும்போது ஆயில் தடவுவதும், சரியான அளவு ஊற்றுவதும் முக்கியம்.

மாதக்கணக்கில் நின்ற டிராக்டருக்கு?

ஆயில் அளவைப் பார்த்துவிட்டு, ஸ்டாப் நாபை இழுத்தபடி சில விநாடி சுற்றி, அழுத்தம் வந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். காசு செலவில்லாத காப்பீடு இது.

பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கப் போகும்போது, 'ஆயில் பிரஷர் எவ்வளவு காட்டியது?' என்று கேளுங்கள். முதல் ஸ்டார்ட்டை உங்கள் கண் முன்னாலேயே செய்யச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.