உங்களுக்குத் தெரியுமா? அது கல் அல்ல, சுட்ட மண்!

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் ஒரு முனையில் வெளுத்த நிறத்தில் ஒரு சிங்கம் நிற்கிறது. எடை சுமார் 13 டன். கற்சிலை என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். உண்மையில் அது சூளையில் வெந்த மண்.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்துச் செல்வந்தர்களைக் கிரேக்க, ரோமானியக் கட்டட மோகம் பிடித்து ஆட்டியது. வாசலில் தூண், தூணின் உச்சியில் இலைவேலை, மாடத்தில் தேவதை. அத்தனையையும் கல்லில் செதுக்கக் காசும் காலமும் வேண்டுமே! 1769-இல் லாம்பெத்தில் தொழிற்கூடம் நடத்தத் தொடங்கிய எலினார் கோட் என்ற பெண்மணி வேறு வழி கண்டார். களிமண்ணோடு, முன்பே சுட்டுப் பொடித்த மண், சிக்கிமுக்கிக்கல் பொடி, மணல், கண்ணாடித்தூள் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, அச்சில் அழுத்தி, சுமார் நான்கு நாள் சூளையில் வேகவைத்தார்கள். வேகும்போது உருவம் சுருங்கும். அதற்கேற்ப அச்சு பெரிதாக இருக்க வேண்டும். சூட்டைச் சீராகக் காப்பதில்தான் சூட்சுமம். 'இருமுறை சுட்ட கல்' என்று பொருள்படக் கிரேக்கச் சொற்களைக் கோத்து 'லித்தோடிபைரா' என்று பெயரும் சூட்டினார். வாடிக்கையாளரின் நாடி அறிந்தவர்!

கட்டடக் கலைஞர் ஜான் சோன் தன் லண்டன் வீட்டு முகப்பில் நிறுத்திய இரு பெண்ணுருவங்களும் இந்த மண்தான். 'பவுன்ட்டி' கப்பல் கலகத்தில் சிக்கிய கேப்டன் பிளையின் கல்லறைச் சின்னமும் அப்படியே.

கோட் 1821-இல் மறைந்தார். பாலத்துச் சிங்கம் அதன் பிறகு, 1837-இல், இதே மண்ணில் ஒரு பீர் ஆலைக்காக உருவானது. ஆலை இடிபட்டுவிட்டது, சிங்கம் 1966-இல் பாலத்துக்குக் குடிவந்தது.