செக்குக்குள் ஒரு ராஜா

வங்கியில் செக் போடுகிறோம். ரயிலில் டிக்கெட் செக் பண்ண வருகிறார்கள். கட்டம் போட்ட சட்டையைத் துணிக்கடையில் 'செக்டு' என்று எடுத்துப் போடுகிறார்கள். செஸ் ஆட்டத்தில் எதிராளி நம் ராஜாவுக்கு 'செக்' வைக்கிறார். நான்கும் ஒரே சொல்தான். (எண்ணெய் ஆட்டும் நம் செக்கு மட்டும் வேறு குடும்பம்.)

மூலம் பாரசீகம்: 'ஷா', அதாவது அரசன். ரஜினியின் 'பாட்ஷா'வில் இருப்பதும் இதே ஷாதான். சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்குப் போனது. அங்கே ராஜாவுக்கு ஆபத்து வந்தால், ஆடுகிறவர் 'ஷா!' என்று குரல் கொடுத்து எச்சரித்தார். அரபு மொழி வழியாக ஐரோப்பாவுக்குப் போன அந்தக் கூப்பாடு பழைய பிரெஞ்சில் உருமாறி, ஆங்கிலத்தில் 'செக்' ஆனது. 'செஸ்' என்பதும் அதன் பன்மையிலிருந்து வந்ததே. நால்வகைப் படையையும் எண்ணி நாம் பெயர் வைத்தோம். ஐரோப்பியர்கள் ராஜாவை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

செக் வாங்கிய ராஜா நினைத்தபடி நகர முடியாது. அதனால் அந்தச் சொல்லுக்குத் 'தடுத்து நிறுத்துவது' என்ற பொருள் வந்தது. பிறகு, நிறுத்திச் சரிபார்ப்பதும் செக் ஆயிற்று.

பணத்துக்குள் அது நுழைந்த கதைதான் எனக்குப் பிடித்தது. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கணக்கு எழுதியது ரோமன் எண்களில். அதை வைத்துக்கொண்டு கூட்டுவதும் கழிப்பதும் பெரும்பாடு. எனவே சுமார் 10 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள மேசையில் கோடு போட்ட துணியை விரித்தார்கள். பென்னி, ஷில்லிங், பவுண்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. அதில் காசுகளை நகர்த்தி நகர்த்தி, மாவட்ட அதிகாரிகளான ஷெரிஃபுகள் கட்ட வேண்டிய பாக்கியைக் கணக்கிட்டார்கள். பார்க்க சதுரங்கப் பலகை போலவே இருந்ததால் அந்த அலுவலகத்துக்கே 'எக்ஸ்செக்கர்' என்று பெயர். பொருளாளரும் ஷெரிஃபும் எதிரெதிரே ஆடும் ஆட்டம் இது என்று, அங்கே பணியாற்றிய ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் அந்தக் காலத்திலேயே எழுதிவைத்திருக்கிறார். பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்'.

வங்கிச் செக் இன்னும் பிந்தியது. 18ஆம் நூற்றாண்டில் செக் என்றால் முதலில் அடிக்கட்டைதான். மோசடி நடக்காமல் ஒத்துப் பார்க்க வைத்திருந்த துண்டு. பிறகு பெயர் தாளுக்கே போய்விட்டது. எக்ஸ்செக்கரின் சாயலில் பிரிட்டிஷ்காரர்கள் அதன் எழுத்தை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்கள் பழைய எழுத்திலேயே நின்றுவிட்டார்கள். அங்கே ஓட்டலில் சாப்பிட்டு முடித்துப் பில் கேட்பதற்கும் 'செக்' என்றே சொல்கிறார்கள்.