கடலில் விழும் சூரியனைப் படம் பிடிக்கலாம்!

சூரியன் எங்கே மறைகிறது?

வள்ளியூர்க்காரர்களைக் கேட்டால், "மலைக்குப் பின்னால்" என்பார்கள். அது சரிதான். ஊருக்கு மேற்கே மலை. கிட்டத்தில் உள்ள கடற்கரைகளான உவரியிலும் இடிந்தகரையிலும் சூரியன் கடலில் இருந்து எழும்பும், கடலில் விழாது.

கடலில் விழுவதைப் பார்க்க வேண்டுமா? நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறுங்கள். காவல்கிணறு தாண்டியதும், காற்றாலைகள் சுழலும் ஆரல்வாய்மொழி கணவாய் வரும். நாகர்கோவிலில் இறங்கி வேறு பஸ் பிடித்தால் முட்டம்! எல்லாம் சேர்ந்து சுமார் 50 கிலோ மீட்டர்.

முட்டத்தில் கரை தென்மேற்கைப் பார்த்து இருக்கிறது. செக்கச் சிவந்த மண் மேடு. மேலே கலங்கரை விளக்கம். கீழே யானைக்கூட்டம் படுத்துக் கிடப்பது போலப் பாறைகள். அவற்றில் அலை மோதிச் சிதறுகிறது.

இந்த இடத்தை நீங்கள் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். பாரதிராஜாவின் "அலைகள் ஓய்வதில்லை" (1981) இங்கேதான் படமானது. காமிரா பிடித்தவர் பி.கண்ணன்.

இரண்டே நிமிடம்!

சூரியனின் அடி விளிம்பு கடலைத் தொட்டதில் இருந்து முழுவதும் மறைய, நம் பக்கத்தில் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். அவ்வளவுதான். பையைத் திறந்து காமிராவைத் தேடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்! ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடலைத் தொடுவது போல நமக்குத் தெரியும்போது, சூரியன் உண்மையில் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது! காற்று மண்டலம் ஒளியை வளைத்து நமக்குக் காட்டுகிறது. நாம் எடுப்பது போன சூரியனின் படம்.

பால் போன்ற அலை

அலையை இரண்டு விதமாக எடுக்கலாம். காமிராவின் கண் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்து மூடினால், ஒவ்வொரு துளியும் முத்துப் போல அந்தரத்தில் நிற்கும். ஒன்றிரண்டு விநாடி திறந்திருந்தால் அலை பாலாகவும், பனியாகவும் மாறிப் பாறையைச் சுற்றி வழியும். பாறை மட்டும் அசையாமல் நிற்கும். எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான்.

அதற்குக் காமிரா ஆடக்கூடாது. முக்காலி வேண்டும். செல்போன் என்றால் கல்லில் சாய்த்து வைத்து, மூன்று விநாடி கழித்து எடுக்கும்படி செய்யலாம். விரல் பட்டால்கூட ஆடிவிடும். உப்புச் சாரல் கண்ணாடியில் படியும். துடைக்க மெல்லிய துணி இருக்கட்டும். வேட்டி முனையால் துடைத்தால் கீறல் விழும்.

கள்ளக்கடல்

இனிச் சொல்வதைப் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

2024 மே 6-ந் தேதி, இதே மாவட்டத்தில் கணபதிபுரம் அருகே உள்ள லெமூர் கடற்கரையில், பயிற்சி டாக்டர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். கல்யாணத்துக்கு வந்த இளைஞர்கள். அந்த நாட்களில் "கள்ளக்கடல்" எச்சரிக்கை விடப்பட்டிருந்தது.

கள்ளக்கடல் என்றால் என்ன? தெற்கே, இந்தியப் பெருங்கடலின் கோடியில் புயல் அடிக்கும். அங்கே கிளம்பும் அலை, ஆயிரக்கணக்கான கிலோ மீட்டர் கடந்து நம் கரைக்கு வரும். இங்கே காற்று இருக்காது. வானம் தெளிவாக இருக்கும். திடீரென்று கடல் பொங்கும். திருடனைப் போல வருவதால் அந்தப் பெயர். மீனவ மக்கள் வைத்த இந்தச் சொல்லை, 2012-ல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது.

ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் எச்சரிக்கை விடுகிறது. அன்றைக்குக் காமிராவை வீட்டில் வைத்துவிடுங்கள். மற்ற நாட்களிலும் கால் மணி நேரம் கடலைப் பார்த்துவிட்டுப் பிறகு இறங்குங்கள். நனைந்த பாறைக்கு அலை வந்து போகிறது என்று அர்த்தம். பாசி பிடித்திருந்தால் செருப்பும் வழுக்கும், வெறுங்காலும் வழுக்கும். கடலுக்கு முதுகைக் காட்டிச் செல்பி எடுப்பதைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்!

சூரியன் மறைந்ததும் கூட்டம் பஸ்சுக்கு ஓடும். நீங்கள் ஓடாதீர்கள். பாறையை விட்டு மேட்டுக்கு ஏறி வந்து நில்லுங்கள். மேகம் இருந்தால், அதற்குப் பிறகுதான் வானம் பொன்னாகி, குங்குமமாகி, கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். கால் மணி நேரம் கிடைக்கும். அதற்குள் கலங்கரை விளக்கும் சுற்றத் தொடங்கிவிடும்.