ரிப்போர்ட்டா... கேன்சலா?

எம்.எஸ். கனவோட ஜி.ஆர்.இ. எழுதப் போறீங்களா? 1 மணி 58 நிமிஷம் மூளையைக் கசக்கிட்டு நிமிர்ந்தா, கம்ப்யூட்டர் கடைசியா ஒண்ணு கேட்கும். 'ஸ்கோரை ரிப்போர்ட் பண்ணவா, கேன்சல் பண்ணவா?' மார்க் எவ்வளவுன்னு மட்டும் சொல்லாது. முதல்ல முடிவு, அப்புறம்தான் மார்க்!

எங்க ஹாஸ்டல் மெஸ்ஸில இந்தப் பேச்சு வந்தா சாம்பார் ஆறிடும். "ஊத்திக்கிச்சுன்னு தோணுச்சா, கண்ணை மூடிட்டு கேன்சல் பண்ணு மச்சி!" இது அண்ணன்களுக்கு அவங்க அண்ணன்கள் சொன்ன அட்வைஸ். 2012 ஜூலைக்கு முன்னாடி, அஞ்சு வருஷத்துல எழுதின அத்தனை ஸ்கோரும் மொத்தமா யுனிவர்சிட்டிக்குப் போயிடும். அப்போ கேன்சலுக்கு அர்த்தம் இருந்தது. அதுக்கப்புறம் 'ஸ்கோர் செலக்ட்' வந்தாச்சு. எதை அனுப்பணும்ங்கிறது நம்ம இஷ்டம். ரிப்போர்ட் கொடுத்து, வெர்பல், குவான்ட் மார்க்கைப் பார்த்துட்டு, யாருக்கும் அனுப்பாமலே எழுந்து வந்துடலாம். அன்னிக்குக் கிடைக்கிற நாலு இலவச ரிப்போர்ட் போயிடும், அவ்வளவுதான்.

இன்னொண்ணு. அந்த 'ஊத்திக்கிச்சு' ஃபீலிங்கையே நம்பக் கூடாது பாஸ்! முதல் செக்‌ஷன்ல நல்லா பண்ணினவங்களுக்கு ரெண்டாவது செக்‌ஷன் கஷ்டமா வரும். ஜி.ஆர்.இ. அப்படித்தான் டிசைன் பண்ணியிருக்காங்க. வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கிறவர்தான் ஒருவேளை நல்ல ஸ்கோர்காரர்.

சரி, கேன்சலை அமுக்கியாச்சு. அப்பா கட்டின ஃபீஸ் திரும்பாது. எவ்வளவு எடுத்தோம்னு நமக்கே தெரியாது. மனசு மாறினா 60 நாளுக்குள்ள 50 டாலர் கட்டி மீட்கலாம், அடகு வெச்ச நகை மாதிரி. என்ன நகைன்னே தெரியாம மீட்கணும், அதான் கொடுமை! திரும்ப எழுத 21 நாள் காத்திருக்கணும். 12 மாசத்துல 5 தடவைதான் எழுதலாம். கேன்சல் பண்ணினதும் அந்தக் கணக்குல சேரும். டிசம்பர்ல அப்ளிகேஷன் கடைசி தேதி வெச்சுக்கிட்டு நவம்பர் கடைசியில எழுதறவங்க கதியை நினைச்சுப் பாருங்க.

சில இடங்கள்ல எழுதின எல்லா ஸ்கோரையும் கேட்கிறது உண்டு. அங்க மட்டும் கேன்சலைப் பத்தி யோசிக்கலாம். அதனால டெஸ்ட்டுக்கு முன்னாடியே உங்க லிஸ்ட்ல இருக்கிற டிபார்ட்மென்ட் ஒவ்வொண்ணோட விதியையும் படிச்சிடுங்க. 2020-க்கு அப்புறம் நிறைய டிபார்ட்மென்ட்கள் ஜி.ஆர்.இ. கட்டாயமில்லைன்னு மாத்திட்டாங்க. உங்களோடதும் அதுல இருந்தா, சுமாரான ஸ்கோரை அனுப்பாமலே அப்ளை பண்ணலாம்.