இணையதளம் வேண்டுவார் எழுதும் குறிப்பு

மனையொன்று எடுக்கக் கருதுவார் தச்சனையும் கொத்தனையும் அழைத்து, 'நல்லதொரு வீடு கட்டித் தருக' என்று மட்டுஞ் சொல்லி அமைவாரல்லர். உறைவார் எத்துணையர், படியேற மாட்டாத முதியோர் உளரோ, கிணறு எப்பக்கத்தது, கையிருப்பு யாது என்பனவெல்லாம் கூறிய பின்னரே கால்கோள் நிகழும். இணையதளம் அமைக்கப் புகுவாரோ இவற்றுள் ஒன்றுங் கூறாது, 'அழகாயிருத்தல் வேண்டும். விரைவில் வேண்டும்' என்று கூறி வாளா இருந்துவிடுகின்றனர். அங்ஙனம் இருந்தாருள் யாமும் அடங்குவோம். ஆகலின் இப்பொருள் குறித்து எழுத எமக்குச் சிறிது உரிமையுண்டு.

நம் கல்லூரியின் பழைய ஆண்டு மலர்களிலுள்ள தமிழ்ப் பகுதிகளை யாவரும் படிக்குமாறு இணையத்தில் ஏற்றல் வேண்டுமெனத் தமிழ் மன்றத்தார் விரும்பினோம். பழைய மாணவர் சிலர் உவந்தளித்த பொருளைக் கொண்டு வடிவமைப்பு நிறுவனம் ஒன்றனை நாடினோம். அவர்க்கு யாம் விடுத்த மடல் ஆறே வரிகளால் ஆயது. 'சிறந்த', 'கண்கவர்', 'புதுமையான' என்னும் அடைமொழிகள் அதன்கண் நிரம்ப இருந்தன. பெயர்ச்சொற்களோ அருகியே காணப்பட்டன. ஆறு கிழமையில் தளம் அணியமாயிற்று. முகப்பில் நம் மணிக்கூண்டு பேருருக் கொண்டு அசைந்தது. மலர்கள், 'படத்தொகுப்பு' என்னுந் தலைப்பின்கீழ், விளையாட்டு விழாப் படங்களோடு விரவிக் கிடந்தன. எனினும் யாம் மகிழ்ந்தே இருந்தோம்.

சின்னாட்களில் அஞ்சலில் ஒரு மடல் வந்தது. எண்பது அகவை கடந்த பழைய மாணவர் ஒருவர் தம் கைப்பட எழுதியிருந்தார். தம்மொடு பயின்ற நண்பர் இளமையிலேயே இறந்துபட்டனர் என்றும், அந்நண்பர் மாணவராயிருந்த காலை எழுதிய கட்டுரையொன்று நம் மலரில் வெளிவந்தது என்றும், அஃதொன்றன்றி அவரெழுத்து வேறெங்கும் இல்லை என்றும், தளத்தில் அவர் பெயரையிட்டுத் தேடியும் அகப்படவில்லை என்றும் அம்மடல் கூறிற்று. கட்டுரை தளத்தில் இருந்தது. ஆயின் படமாக இருந்தது. படத்தினுள் இருக்கும் எழுத்தைத் தேடுமாறு அத்தளத்தில் வழி ஒன்றும் செய்யப்படவில்லை. நிறுவனத்தாரை வினவினோம். 'தேடுதற்கு வழி வேண்டுமென்று நீங்கள் சொல்லவில்லையே' என்றனர். மடலை எடுத்து நோக்கினோம், சொல்லவில்லைதான். மாற்றித் தருதற்கு வேறு கூலி கேட்டனர். அவர் கேட்டது முறையே; எம்மிடத்துத்தான் பொருள் இல்லை. அக்கட்டுரையை அச்சிட்டு அன்றே பெரியவர்க்கு விடுத்தோம். அவர் எழுதிய மறுமொழியின் இறுதியில், தம்மைப் போலத் தேடி அகப்படாமல், எழுதிக் கேட்கவும் துணியாது விட்டவர் எத்துணையரோ என்றொரு வினா இருந்தது.

வடிவமைப்பார்க்கு முன்னரே எழுதித் தரும் இவ்வேட்டினைத் தொழில் வழக்கில் 'பிரீப்' என்பர். யாம் ஈண்டு இதனைத் தேவைக் குறிப்பு என வழங்குவோம். பெயர் புதிதாயினும் பொருள் மிகப் பழைது. திருமறையின் முதல் நூலில் நோவாவுக்குப் பேழை செய்யுமாறு இடப்பட்ட கட்டளையை நோக்குக. நீளம் 300 முழம், அகலம் 50 முழம், உயரம் 30 முழம், மூன்று தட்டு, பக்கத்தே ஒரு கதவு, உள்ளும் புறமும் கீல் பூசுதல், எதன்பொருட்டு இப்பேழை, எவரெவர் அதனுட் புகுவர் என்பனவும் உடன் கூறப்பட்டன. வண்ணம் யாது என்று மட்டும் கூறப்படவில்லை. எம் முதல் மடலிலோ வண்ணம் ஒன்றே விளங்கக் கூறப்பட்டிருந்தது.

தமிழ் அச்சு வரலாற்றிலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், தமிழெழுத்துக்களை வரைந்து செருமனி நாட்டு ஆலே நகர்க்கு விடுத்து, ஆங்கு வார்ப்பிக்கச் செய்தனர். தமிழறியாக் கம்மியர் அவ்வரைவுகளையே துணையாகக் கொண்டு அச்செழுத்துக்களை வார்த்தனர்; அவை 1713-இல் தரங்கம்பாடியை எய்தின. படிக்கத்தக்கனவாகவே அமைந்தன, ஆயின் பெரியனவாய் இருந்தமையின் தாள் பெரிதும் செலவாயிற்று. பின்னர்ச் சிறிய எழுத்துக்களை இந்நாட்டிலேயே வார்த்துப் புதிய ஏற்பாட்டினை 1715-இல் அச்சிட்டு முடித்தனர். எழுத்தின் உருவை வரைவு காட்டும். கையிலுள்ள தாள் எவ்வளவு என்பதனை வரைவு காட்டாது. கடல் கடந்து வேலை வாங்கிய அவர்க்கு நேர்ந்த இடர் இது. தெருக்கோடியிலுள்ள நிறுவனத்தாரிடம் வேலை வாங்கிய எமக்கும் அதுவே நேர்ந்தது.

இக்கூற்றை மறுப்பார் ஒரு நிகழ்ச்சியைக் காட்டல் கூடும். செனீவா நகரையடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் 1989-இல் எழுதியளித்த முன்மொழிவே இன்றைய உலகளாவிய வலைக்கு வித்து. அதனைப் படித்த மேலாளர் மைக் செண்டால், தெளிவில்லை, ஆயினும் ஊக்கந் தருகின்றது என்னுங் கருத்துப்பட அதன் தலைப்பில் குறித்தனர். தெளிவற்ற ஏட்டிலிருந்தன்றோ வலையே தோன்றிற்று என்பர். ஒக்கும்; ஆயின் ஆண்டு எழுதினாரும் அமைத்தாரும் ஒருவரே. எழுதுவார் ஒருவர், அமைப்பார் பிறிதொருவர் ஆயவழித்தான் குறிப்பு வேண்டப்படுகின்றது.

குறிப்பின் முதற்கண் எழுதற்குரியது தளத்தின் நோக்கமாகும். 'நம் மன்றத்தை உலகறியச் செய்தல்' என்று எழுதுதல் நோக்கமன்று, அஃது ஆசை. வருபவர் யாவர், என் செய்ய வருவர், செய்து முடித்தனர் என்பதை எங்ஙனம் அறிவோம் என்னும் மூன்றும் சேர்ந்ததே நோக்கம். புதுக் குறிப்பில் யாம் எழுதியது இது: பழைய மலரில் எழுதிய ஒருவர் பெயரையோ கட்டுரைத் தலைப்பையோ அறிந்த ஒருவர், கைப்பேசியில் அதனைத் தட்டிய அளவில், அக்கட்டுரையின் பக்கத்தை அடைதல் வேண்டும். இவ்வொரு வரியை எழுதுதற்கு மன்றத்தார் இரண்டு மாலைப்பொழுது வழக்கிட்டோம். முகப்பிற் பேராசிரியர் படங்கள் வேண்டும் என்பாரும், விழா நிகழ்ச்சிகள் வேண்டும் என்பாரும், வினாடி வினா வேண்டும் என்பாரும் இருந்தனர். நோக்கத்தை எழுதிய பின்னர் அவற்றுட் பெரும்பாலன தாமே உதிர்ந்தன. வேண்டுவனவற்றை எழுதுமாறு போலவே வேண்டாதனவற்றையும் எழுதுதல் நன்று. அசையும் முகப்புப் படம் வேண்டா என்று தனிவரி எழுதினோம்.

அடுத்தது சரக்கு. தளத்தில் ஏற்றற்குரியது எவ்வளவு, அது யாண்டுள்ளது, எந்நிலையிலுள்ளது என்று எண்ணிக் கூறாவிடின் வடிவமைப்பார் எதனைக் கொண்டு விலை கூறுவர்? எண்ணப் புகுந்தபோதுதான் பதினொரு மலர்கள் நூலகத்திலேயே இல்லை என்பது புலனாயிற்று. அவற்றுள் நான்கு, பழைய மாணவர் வீடுகளிலிருந்து வந்தன. ஒன்று கறையான் அரித்த அரைமலராக வந்தது. எஞ்சிய ஆறும் இன்றுவரை அகப்படவில்லை. குறிப்பு எழுதாதிருந்தேமாயின் அவை இல்லை என்பதையும் அறிந்திலோம். படத்திலுள்ள எழுத்தைக் கணினி தானே படித்துத் தரும் முறை இப்பொழுது தமிழ்க்கும் உண்டு. ஆயின் 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முற்பட்ட அச்சில் ணை, னை, லை, ளை முதலியன வேறுருவில் நிற்றலின், ஆண்டுக் கணினி இடறுகின்றது. எனவே மெய்ப்புத் திருத்துவார் யாவர் என்பதனையும் குறிப்பில் எழுதல் வேண்டும். அப்பணியை யாமே மேற்கொண்டோம். கூலியிற் பெரும்பகுதி அதனாற் குறைந்தது.

இனித் தமிழ்த் தளம் வேண்டுவார் மறவாது எழுதற்குரியது எழுத்தைப் பற்றியது. ஈண்டுச் சிறிது விரித்தல் வேண்டும். ஒரு காலத்தே எழுத்துரு செய்வார் ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரு குறியீட்டு முறை வகுத்துக்கொண்டனர். ஒரு கணினியில் 'அன்பு' என்று தோன்றியது மற்றொன்றில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிற்று. ஒருங்குறி என்னும் பொது முறை 1991-இல் வெளியான முதற் பதிப்பிலேயே தமிழ்க்கு இடந்தந்தது. தமிழ்நாட்டு அரசும் 2010-இல் அதனைத் தரமாக ஏற்றது. இருந்தும் அச்சகங்களிற் பழைய முறைகள் இன்னும் வழங்குகின்றன. மலரை அச்சிட்ட கோப்பினை அவ்வாறே வாங்கி ஏற்றினால் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றுவது தேடுபொறிக்குக் குப்பையாகவே படும். ஆகலின், 'எழுத்தெல்லாம் ஒருங்குறியில் அமைதல் வேண்டும். எழுத்தைப் படமாக இடலாகாது' என்று எழுதுக.

அவ்வளவில் அமைதலும் சாலாது. 'கோ' என்னும் எழுத்தை, ககரத்தோடு ஓகாரக் குறியொன்று சேர்த்தும் அமைக்கலாம்; ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியே சேர்த்தும் அமைக்கலாம். இரண்டும் கண்ணுக்கு ஒன்றே; கணினிக்குள் வேறுவேறு. 'ஔவை' என்பதனை ஔகாரமாகவே தட்டுவாரும் உளர். ஒகரமும் ளகரமும் தட்டி அமைவாரும் உளர். பெயர்களிலோ வேறுபாடு இன்னும் மிகுதி: யோவான் எனவும் ஜான் எனவும், யாக்கோபு எனவும் ஜேக்கப் எனவும் ஒருவரே இருவேறு மலர்களிற் கையெழுத்திட்டிருக்கின்றனர். இவற்றையெல்லாம் ஒப்ப நோக்கித் தேடித் தருமாறு தளம் அமைதல் வேண்டுமென்று எடுத்துக்காட்டுக்களோடு எழுதினோம். வடிவமைப்பார் பலர்க்குத் தமிழ் தாய்மொழியே. ஆயினும் எழுதிக் காட்டுமுன் இதனை நினைந்தார் இலர். அவரைக் குறை கூறுதற்கில்லை. தமிழ் பயிலும் யாமும் நினைந்திலோம்.

எழுத்தின் தோற்றம் குறித்து ஒன்றே கூறி அமைவோம். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி, இயல்பான அளவுடைய எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள ஒளிவேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 ஆதல் வேண்டும் என்கின்றது. 'கண்ணுக்கு நன்றாயிருத்தல் வேண்டும்' என்று எழுதின் அளப்பது யாங்ஙனம்? இவ்வெண்ணை எழுதின் யாரும் அளந்து காணலாம். பார்வை குன்றியோர் பயன்படுத்தும், பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டும் கருவிக்கும் ஒருங்குறி எழுத்தே வேண்டும் என்பது கூறாமலே விளங்கும்.

உடைமை பற்றிய பகுதியைப் பலரும் நாணத்தால் எழுதாது விடுவர். எம் முதல் தளத்தின் பெயர் நிறுவனத்தார் ஒருவர் பெயரிற் பதிவாகியிருந்தது. அதனை மீட்க மூன்று திங்கள் ஆயின. தளப்பெயர் கல்லூரியின் பெயரிலேயே பதிவாதல், ஆண்டுதோறும் அதற்குக் கட்டணம் செலுத்துவார் இன்னார் எனல், கடவுச்சொற்கள் அலுவலகத்தில் இருத்தல், படியொன்று திங்கள்தோறும் எம்மிடம் சேர்தல் ஆகியன எழுதப்படல் வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, வெளியார் ஒருவர் கூலிக்குச் செய்தளித்த கணினி நிரலின் உரிமை, எழுத்து வாயிலாக மாற்றப்பட்டாலன்றி, செய்தவரிடமே நிற்கும். அச்சட்டமே எம்மையும் ஒருபுறம் சுட்டிற்று: எழுதினவர் மறைந்து 60 ஆண்டுகள் கழியும் வரை கட்டுரைகளின் உரிமை அவர் வழியினர்க்கு உரியது. இசைவு பெறாமலே யாம் பலவற்றை ஏற்றியிருந்தோம். பெரியவரின் நண்பர்க்கு மருகர் ஒருவர் உளர் எனக் கேட்டறிந்து, இப்பொழுது அவர்க்கும் எழுதியிருக்கின்றோம். பழைய மாணவரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் தளத்தில் இடப்படா என்பதும் குறிப்பில் உண்டு.

பொருளைப் பற்றி மறைத்தல் தீது. இருப்பது இவ்வளவே என்று கூறிவிடின் நல்லோர் அதற்குள் இயல்வதைக் கூறுவர். வரி உட்பட்டதோ, ஓராண்டுப் பேணுதல் உட்பட்டதோ, திருத்தம் எத்துணை முறை செய்யப்படும் என்பனவும் கேட்டு எழுதிக்கொள்க. மன்றத்தின் சார்பில் விடை சொல்பவர் ஒருவரே ஆதல் வேண்டும். முன்னர் யாம் ஐவர் ஐந்து வகையாகச் சொல்லி அவரை அலைக்கழித்தோம் என்பதை ஒப்புக்கொள்ளுதல் எம் கடன்.

குறிப்பினை முதலில் ஒன்பது பக்கம் எழுதினோம். எம் பேராசிரியர் படித்து, அடைமொழிகளை எல்லாம் அடித்தனர். நான்கு பக்கம் எஞ்சின. அதனை மூன்று நிறுவனங்களுக்கு விடுத்தோம். ஒருவர் மறுநாளே விலை மட்டும் எழுதினர். ஒருவர் விடையே எழுதிலர். மூன்றாமவர் விலை கூறாது, பத்தொன்பது வினாக்கள் எழுதி விடுத்தனர். அவரையே தேர்ந்தோம். பதினேழு வினாக்களுக்கு விடை எழுதிவிட்டோம். மலரில் ஆசிரியர் பெயர் அச்சிடாது 'ஒரு மாணவன்' என்று மட்டும் போட்ட கட்டுரைகளை எப்பெயரில் தேடுவது என்பது பதினெட்டாம் வினா. அதற்கு விடை காண, இக்கிழமை நூலகத்திற் பழைய வருகைப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருக்கின்றோம்.