கெரம் மேசைக்கு லைட்டும் சென்சரும்: இலாபம் எங்கே இருக்கிறது?

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் மின்சாரச் சாமான் கடை வைத்திருப்பவர்களிடம் அண்மைக் காலமாக இளைஞர்கள் வந்து ஒரு புதிய சாமானைக் கேட்கிறார்கள். கெரம் மேசையில் ஆள் உட்கார்ந்தவுடன் மேலே லைட் தானாக எரிய வேண்டும். பொக்கட்டில் காய் விழுந்தால் சத்தம் வர வேண்டும். குயின் விழுந்தால் மேசையைச் சுற்றிச் சிவப்பு வெளிச்சம் ஓட வேண்டும். புள்ளியையும் மேசையே எண்ணிச் சொல்ல வேண்டும். போனில் வீடியோ பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்பது கேட்கும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

"நானா, இதை செட்டாக இறக்கினால் ஓடுமா?" என்று என்னிடம் கேட்ட வியாபாரிகளும் மூன்று நான்கு பேர் இருக்கிறார்கள். பெட்டியில் அடைத்த செட்டாக விற்றால் முதல் மாதம் ஓடும், இரண்டாம் மாதம் சாமான் திரும்பி வரும் என்பதுதான் நான் அவர்களுக்குச் சொல்லும் பதில். இந்த வேலையில் காசு இருக்கிறது. அந்தக் காசு பொருத்திக் கொடுப்பதிலும் பிறகு போய்ப் பார்ப்பதிலும் கிடைப்பது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது விளங்க வேண்டுமானால் மேசையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் லைட். ஆடுபவனுக்கு உண்மையில் தேவைப்படுவது இது ஒன்றுதான், மற்றவையெல்லாம் அலங்காரம். முன்னர் மேசைக்கு நடுவில் மூடி போட்ட 60 வட் அல்லது 100 வட் மின்குமிழைத் தொங்க விடுவார்கள். வெளிச்சம் அருமையாக இருக்கும், சூடுதான் தாங்காது. இன்று அந்த வேலையை 12 வட் எல்.ஈ.டி. ஒன்று செய்துவிடுகிறது. இரவில் மூன்று மணித்தியாலம் விளையாடினால் 100 வட் குமிழ் 0.3 யூனிட் எடுக்கும், இது 0.036 யூனிட்தான் எடுக்கும். 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் மின்கட்டணம் ஏறியதைப் பார்த்த வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கணக்கை இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை.

ஆனால் மலிவான எல்.ஈ.டி.யைக் கொடுத்தீர்களானால் ஒரு வாரத்தில் முறைப்பாடு வரும். "லைட் பளிச்செண்டுதான் எரியுது நானா, ஆனா குயின் மண்ணிறமாத் தெரியுதே" என்று ஒருவர் என் கடைக்கே வந்து சொன்னார். அவர் வேறு இடத்தில் வாங்கிய குமிழ் அது. சிவப்பு நிறத்தைச் சரியாகக் காட்டும் சக்தி மலிவுக் குமிழ்களுக்குக் குறைவு. பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். அது 90க்கு மேல் இருக்க வேண்டும். எண்ணே போடாத பெட்டியை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம். இன்னொன்று துடிப்பு. எமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதனால் தரம் குறைந்த குமிழ் செக்கனுக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். சும்மா பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாது. வேகமாக ஓடும் ஸ்ட்ரைக்கர் மட்டும் விட்டு விட்டு ஓடுவது போல் தோன்றும், ஆடுபவனுக்குத் தலைவலியும் வரும். போன் கெமராவைக் குமிழுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். திரையில் கறுப்புக் கோடுகள் ஓடினால் அந்தச் சரக்கை வைத்துவிட்டு வாருங்கள். மொத்தக் கடையில் நின்று கொண்டே செய்யக்கூடிய பரிசோதனை இது.

அடுத்தது, இளைஞர்கள் ஆசைப்படும் நிற ஸ்ட்ரிப். சந்தையில் அதிகம் உள்ளது டபிள்யூ.எஸ். 2812 என்ற வகை. 5 வோல்ட்டில் இயங்கும், ஒவ்வொரு குமிழையும் தனித்தனி நிறத்தில் எரிக்கலாம். இங்கே கணக்குத் தெரியாமல் விற்பவர்கள்தான் அதிகம். பெரிய கெரம் மேசையின் வெளிச்சட்டம் நான்கு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ மூன்றரை மீற்றர் வரும். மீற்றருக்கு 60 குமிழ் என்றால் 210 குமிழ். ஒரு குமிழ் முழு வெள்ளையில் 60 மில்லி அம்பியர் வரை இழுக்கும். மொத்தம் 12 அம்பியருக்கு மேல், 60 வட்டுக்கும் மேல். போன் சார்ஜர் கொடுப்பது 2 அம்பியர். சார்ஜரில் கொழுவி விட்டால் முதல் முழத்தில் வெள்ளையாக எரிந்து கடைசியில் செம்மஞ்சளாகத் தெரியும். சில நேரம் சார்ஜரே உருகும். ஆகவே தகுந்த பவர் சப்ளை கொடுத்து, ஸ்ட்ரிப்பின் இரு முனையிலும் மின் கொடுத்து, பிரகாசத்தை மூன்றில் ஒரு பங்குக்குக் குறைத்து வைக்க வேண்டும். டபிள்யூ.எல்.ஈ.டி. என்ற இலவச மென்பொருளில் மின்னோட்டத்துக்கு எல்லை போடும் வசதி இருக்கிறது. அதை ஈ.எஸ்.பி. 32 என்ற சிறிய சேர்க்கிட்டில் ஏற்றினால் போதும். 2016இல் ஷங்ஹாயில் உள்ள ஒரு கொம்பனி வெளியிட்ட சாமான் அது, இப்போது எங்கும் கிடைக்கிறது. அந்தச் சேர்க்கிட் 3.3 வோல்ட்டில் பேசுகிறது, ஸ்ட்ரிப் 5 வோல்ட்டில் கேட்கிறது. முதலாவது குமிழே பைத்தியம் பிடித்தது போல் மின்னினால் காரணம் இதுவாக இருக்கலாம். இடையில் ஒரு லெவல் ஷிஃப்டர் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஸ்ட்ரிப்பைச் சட்டத்தின் உட்பக்கம் ஒட்டித் தரச் சொல்வார்கள். நான் ஒட்டிக் கொடுப்பதில்லை. பலகைக்குச் சமாந்தரமாக வெளிச்சம் அடித்தால் ஒவ்வொரு காய்க்கும் நீள நிழல் விழும், பவுடர் மணி மணியாகத் தெரியும், குறி பார்ப்பவன் கண்ணிலும் அடிக்கும். சட்டத்துக்கு அடியில், வெளிப்பக்கம் பார்த்து ஒட்டினால் மேசை மிதப்பது போல் அழகாக இருக்கும், ஆட்டமும் கெடாது.

இனி சென்சர். வெளிநாடுகளில் சதுரங்கப் பலகை இதைச் செய்து பல வருடங்கள் ஆகின்றன. நெதர்லாந்தின் டி.ஜி.டி. கொம்பனி செய்யும் பலகை எந்தக் காய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைத் தானே அறிந்து கொள்ளும். சர்வதேசப் போட்டிகளில் அதைத்தான் பாவிக்கிறார்கள். அதன் இரகசியம் காய்க்குள் வைத்திருக்கும் சிறு சுருள். கெரம் காய்க்குள் எதையும் வைக்க முடியாது. சர்வதேச விதிப்படி ஒரு காயின் நிறை 5 கிராமுக்கும் ஐந்தரை கிராமுக்கும் இடையில் இருக்க வேண்டும். அதுவும் ஒரு நாளைக்கு நூறு தடவை அடிபடும் சாமான். ஆகவே அறிவு முழுவதையும் பொக்கட்டில்தான் வைக்க வேண்டியிருக்கிறது.

பொக்கட்டின் வாயில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் ஒன்றைக் குறுக்கே விட்டால், காய் விழும்போது கதிர் மறைபடும், மேசை ஒன்று எண்ணும். காய் அந்தக் கதிரைக் கடக்க எடுப்பது செக்கனில் நூறில் ஒரு பங்கு நேரம்தான், ஆனாலும் ஈ.எஸ்.பி. 32 அதைத் தவறவிடாது. தகராறு பவுடரில் இருக்கிறது. போரிக் பவுடரோ வேறு பவுடரோ, பத்து ஆட்டம் போனால் சென்சரின் கண்ணில் படிந்து விடும். பிறகு காய் விழாமலே எண்ணும் அல்லது விழுந்தும் எண்ணாது. பெட்டியாக விற்ற செட் திரும்பி வருவதற்கு நான் கண்ட முதற் காரணம் இதுதான். வாரத்துக்கொரு தடவை மென்மையான தூரிகையால் துடைக்கக் கூடியதாக, கழற்றிப் பூட்டும் விதத்தில் சென்சரைப் பொருத்த வேண்டும். பசை போட்டு ஒட்டினால் கதை முடிந்தது.

கறுப்பா வெள்ளையா என்று பிரித்தறிய வேண்டுமானால் வேலை இன்னும் கூடும். அகச்சிவப்பில் பார்த்தால் சிவப்புக் குயின் பெரும்பாலும் வெள்ளை போலவே தெரியும். ஆகவே நிறச் சென்சர் வேண்டும்; அதற்குக் காய் ஒரு கணம் ஓய்ந்து நிற்க வேண்டும்; அதற்குப் பொக்கட்டின் கீழே சரிவான ஒரு குழாய் வேண்டும். நிறுத்துப் பார்க்கலாம் என்பார்கள் சிலர். ஸ்ட்ரைக்கருக்கு 15 கிராம் வரை இருக்கலாம், மூன்று காய் சேர்ந்தாலும் 15 கிராம்தான். ஒரே பொக்கட்டில் மூன்று காய் ஒன்றாக விழுவது அபூர்வம் என்றாலும், அப்படி ஒருவன் போட்ட நாளில் மேசை 'ஃபவுல்' என்று கத்தினால் அந்த வீட்டில் உங்கள் பெயர் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

புள்ளி எண்ணுவது இதைவிடச் சிக்கல். எந்தக் காய் விழுந்தது என்பதை மேசை அறியலாம், யார் அடித்தார் என்பதை அறியாது. குயினைப் போட்டவன் தொடர்ந்து தன் காயைப் போட்டு உறுதிப்படுத்தாவிட்டால் குயின் மேசைக்கே திரும்பும். புள்ளி 22ஐத் தொட்டவனுக்குக் குயினின் 3 புள்ளி கிடையாது. இதையெல்லாம் சென்சர் தீர்மானிக்கும் என்று வாக்குக் கொடுத்து விற்பது வியாபாரமே அல்ல. நான் செய்து கொடுப்பது எளிய ஏற்பாடு: மேசையின் ஒவ்வொரு பக்கத்திலும் பெரிய பொத்தான் ஒன்று, சுவரில் எண் காட்டும் பலகை ஒன்று. ஆடுபவர்கள் தாங்களே அழுத்திக் கொள்வார்கள். இதுவரை அதில் முறைப்பாடு வந்ததில்லை.

ஆள் உட்கார்ந்தால் எரியும் லைட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். படிக்கட்டுக்குப் போடும் பி.ஐ.ஆர். சென்சர் மலிவு என்று அதையே இங்கும் போடுகிறார்கள். அது அசையும் உடற்சூட்டை மட்டும் பார்க்கும். கெரம்காரன் குறி பார்க்கும்போது மூச்சைக்கூடப் பிடித்துக் கொண்டு அசையாமல் இருப்பான். சரியாக அந்த நேரம் பார்த்து லைட் அணையும். இதற்கு 24 கிகாஹேர்ட்ஸ் ரேடார் சென்சர் வந்திருக்கிறது; ஆள் அசையாமல் இருந்தாலும் மூச்சு விடும் அசைவை வைத்தே கண்டுபிடித்து விடும். மின்விசிறியையும் திரைச்சீலையையும் ஆள் என்று நினைக்கும் குணமும் அதற்கு உண்டு. வீட்டுக்குப் போய் நின்று தூரத்தைச் சரிப்படுத்தாமல் அது வேலை செய்யாது.

சத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சிறிய ஸ்பீக்கர், ஒலி கூட்டிக் குறைக்கும் திருகு, அணைக்கும் ஸ்விட்ச் மூன்றும் இருக்க வேண்டும். நோன்பு காலத்து இரவுகளில் எமது பகுதிகளில் கெரம் எவ்வளவு நேரம் போகும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் பிள்ளை தூங்குகிறது. சில வீடுகளில் இசை வேண்டாம், 'டொக்' என்ற ஓசை போதும் என்பார்கள். அதையும் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள்.

வியாபாரியின் பக்கத்தில் மிகவும் கவனிக்க வேண்டியது இன்டர்நெட். பல ஸ்மார்ட் சாமான்கள் கடல் கடந்த கொம்பனியின் கொம்பியூட்டரைக் கேட்டுத்தான் எரிகின்றன, அணைகின்றன. அமெரிக்காவில் ரிவோல்வ் என்ற சாதனத்தை 2016 மே மாதத்தில் அதன் உரிமையாளர்கள் நிறுத்தினார்கள். வாங்கியவர்கள் கையில் இருந்தது வெறும் பெட்டி. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியன் கொம்பனி முன்னறிவித்தல் இல்லாமல் சேவையை நிறுத்தியது. பின்னர் வாடிக்கையாளர்களே சிலர் சேர்ந்து அதை வாங்கித் திரும்ப நடத்தினார்கள். அங்கே கொம்பனியைத் திட்டுவார்கள். இங்கே கொம்பனி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, உங்கள் கடை எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆகவே வைபை வெட்டிவிட்டாலும் வேலை செய்யும் சாமானாக எடுங்கள். வாங்குமுன் ரூட்டரை அணைத்துவிட்டுப் பொத்தானை அழுத்திப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

வைபை, புளூடூத் உள்ள எந்தச் சாமானாக இருந்தாலும், இறக்குபவரும் விற்பவரும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி விடயத்தை முதலில் கேட்டறிய வேண்டும். சுங்கத்தில் சரக்கு நின்ற பிறகு கேட்டுப் பிரயோசனம் இல்லை.

பாதுகாப்பில் ஒரே ஒரு விதியை வைத்திருக்கிறேன்: 230 வோல்ட் மேசைக்கு வரக் கூடாது. சப்ளை சுவரோரம் இருக்கட்டும், மேசைக்கு 5 அல்லது 12 வோல்ட் மட்டும் வரட்டும். பிள்ளைகள் பொக்கட்டுக்குள் கை விடுவார்கள். 12 வோல்ட்டில் செய்தால் இன்னொரு நன்மை, பெட்டரியிலும் ஓடும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த இரவுகளை யாரும் மறக்கவில்லை. பெட்டரி வசதி என்று சொன்னவுடன் வாடிக்கையாளர் விலையைப் பற்றிப் பேசுவது குறைந்து விடுகிறது.

விலை போடும்போது சாமானுக்கு ஒரு பில், பொருத்தும் கூலிக்கு ஒரு பில் என்று பிரித்துப் போடுங்கள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை இரண்டு மாதத்தில் ஏறியபோது, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து முற்பணம் வாங்கியிருந்தவர்கள் கூலியைப் பறிகொடுத்துத்தான் வேலையை முடித்தார்கள். வருடத்துக்கு இரண்டு தடவை சென்சர் துடைத்து வயர் பார்க்கும் வேலைக்கும் தனிக் கட்டணம் போடலாம், தருகிறார்கள். சென்சர் உத்தரவாதத்தில் பவுடர் படிவது சேராது என்பதை பில்லிலேயே எழுதி விடுங்கள். தச்சு வேலைக்கு மொறட்டுவைப் பக்கம் ஒருவரைப் பிடித்து வைத்துக் கொண்டால், சட்டத்துக்கு அடியில் வயர் ஓடும் காடியை மேசை செய்யும்போதே வெட்டித் தருவார். பிறகு வெட்டினால் பலகை பிளக்கும்.

வீடுகளைவிட முதலில் விளையாட்டுக் கழகங்களையும் பாடசாலைகளையும் பாருங்கள் என்பது எனது எண்ணம். அவர்களுக்கு சென்சரும் வேண்டாம், சத்தமும் வேண்டாம். ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில் எரியும் ஆறு அல்லது எட்டு லைட் வேண்டும். 4000 கெல்வின் என்று போட்டிருந்தாலும் வேறு வேறு தொகுதியில் வந்த குமிழ்கள் ஒன்று மஞ்சளும் ஒன்று நீலமுமாகத் தெரியும்; ஆகவே அந்த எட்டையும் ஒரே தொகுதி இலக்கத்தில் எடுத்து, மேலதிகமாக இரண்டை உங்கள் கடையிலேயே வைத்திருங்கள்.